ரான்சம் என்றால் பிணைத்தொகை இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை கொசப்பேட்டையில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் படுக்கலாம் என்று பாயை விரித்தபோது நோட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "மாமா, ரான்சம்னா இன்னா?"

"ஆளைக் கடத்திக்கினு போறவன், விடறதுக்குக் கேக்கற பணம்."

"அது எனக்கே தெரியும். தமிழ்ல ஒரே வார்த்தையா வேணும்."

அவள் ஏற்கெனவே தேடிப் பார்த்திருக்கிறாள். ஒரு ஆப்பில் பிணைத்தொகை என்று இருந்ததாம், இன்னொன்றில் மீட்புத்தொகை, கூடப் படிக்கும் பெண் பணயத்தொகை என்று எழுதியிருக்கிறாள். மூன்றில் எது சரி என்று கேட்டாள். மீட்புத்தொகை என்று எழுது என்றேன். ஏன் என்று கேட்டாள். அதற்குப் பதில் சொல்லி முடிக்க நான்கு மணி ஆகிவிட்டது. அவளிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஏன் இந்தச் சொல்லின்மேல் இவ்வளவு அக்கறை என்றால், சத்துவாச்சாரியில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் டைப்பிங்கும் மொழிபெயர்ப்பும் செய்து பிழைக்கிறவன் நான். கிரயப் பத்திரம், எஃப்ஐஆர் நகல், உத்தரவு நகல், எது வந்தாலும் இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு மாற்றித் தருவேன். சில வருடங்களுக்கு முன்னால் ஒரு அம்மா ஒரு உத்தரவு நகலைக் கொண்டுவந்தார். அவருடைய பையனைக் கடத்தி, பணம் கேட்டு, பிறகு போலீஸ் மீட்டு வந்த வழக்கு. அதில் ரான்சம் என்று வந்த இடத்திலெல்லாம் நான் அகராதியைப் பார்த்துப் பிணைத்தொகை என்று அடித்துக் கொடுத்துவிட்டேன். அந்த அம்மா கடை வாசலிலேயே நின்று எழுத்துக்கூட்டிப் படித்தார். படித்துக்கொண்டே வந்தவர் முகம் மாறிப்போனது. "பிணை குடுத்துட்டாங்களா சார்? அவனுங்க வெளிய வந்துட்டானுங்களா?" என்று கேட்டார். கையிலிருந்த தாள் ஆடியது.

இல்லைம்மா, அப்படி இல்லை, என் சொல்தான் தப்பு என்று சொல்லி, உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, வேறு மாதிரி மாற்றி அடித்துக் கொடுத்தேன். அன்றைக்கு அவர் வயிற்றில் ஒரு நிமிடம் நெருப்பைக் கட்டியது என்னுடைய சொல்தான். அதற்கு அப்புறம் அந்தச் சொல்லை ரான்சத்துக்கு நான் போட்டதே இல்லை.

கோர்ட் பக்கம் வந்துபோகிற யாரைக் கேட்டாலும் பிணை என்றால் ஜாமீன்தான். முன்பிணை என்றால் முன்ஜாமீன். பிணைத்தொகை என்பது சட்டப்படி கோர்ட்டில் கட்டுகிற பணம், ஒழுங்காக வாய்தாவுக்கு வந்துபோனால் வழக்கு முடிந்ததும் திரும்பக் கிடைக்கிற பணம். ரான்சத்தில் இந்த இரண்டில் ஒன்றாவது உண்டா? சட்டமும் கிடையாது, திரும்பியும் வராது. பிணைக்கைதி என்று சொல்கிறோமே, அதை வைத்துத்தான் பிணைத்தொகையும் வந்திருக்க வேண்டும். பிணைக்கைதியில் பிரச்சினை இல்லை, கைதி என்று பின்னால் வருவதால் அர்த்தம் புரிந்துவிடுகிறது. தொகை என்று மாற்றியதும் ஜாமீனுக்குப் போய்விடுகிறது.

பணயம் வேறு விஷயம். சூதாட்டத்தில் தருமர் நாட்டை வைத்தார், தம்பிகளை வைத்தார், கடைசியில் திரௌபதியை வைத்தார். வைத்ததெல்லாம் பணயம். உயிரைப் பணயம் வைத்து என்று சொல்லும்போதும் அதுதான். அப்படியானால் கடத்தல்காரனிடம் மாட்டியிருக்கிற ஆள்தான் பணயம். அவரை விடுவிக்கக் கொடுக்கிற பணம் எப்படிப் பணயமாகும்? பணயக்கைதி என்பது அருமையான சொல். பணயத்தொகை என்பது சூதில் வைத்த தொகை மாதிரி ஒலிக்கிறது.

இந்த வித்தியாசம் புரிய வேலூர்க்காரர்களுக்கு வெளியூர் உதாரணமே தேவையில்லை. 1792ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் பாதி நாட்டைக் கொடுத்ததோடு 3 கோடியே 30 லட்சம் ரூபாயும் கட்ட வேண்டியிருந்தது. பாதியை உடனே கட்ட வேண்டும், மீதி தவணையில். சொன்னபடி நடந்துகொள்வதற்கு உத்தரவாதமாகத் தன் இரண்டு மகன்களைப் பிரிட்டிஷ் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸிடம் ஒப்படைத்தார். ஒருவனுக்கு எட்டு வயது போல, இன்னொருவனுக்கு ஐந்து வயது போல. பிள்ளைகளை மதராஸில் வைத்திருந்து 1794ல் திருப்பி அனுப்பினார்கள். இங்கே பிள்ளைகள் பணயம். கட்டிய பணம் போரில் தோற்றதற்கான கடன், அதை யாரும் ரான்சம் என்று சொல்வதில்லை. 1799ல் திப்பு இறந்த பிறகு அதே பிள்ளைகளையும் குடும்பத்தையும் நம் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். இந்த முறை தவணையும் இல்லை, திருப்பி அனுப்புவதும் இல்லை. 1806 ஜூலை 10 சிப்பாய்ப் புரட்சிக்கு அப்புறம் கல்கத்தாவுக்கு மாற்றினார்கள். கண்டியின் கடைசி ராஜாவும் அப்படித்தான். 1815ல் பிடித்து, 1816ல் வேலூருக்குக் கொண்டுவந்து, 1832ல் இங்கேயே இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபத்தில் இருக்கிறது அவர் சமாதி. எத்தனை லட்சம் கொடுத்திருந்தாலும் பிரிட்டிஷார் அவரை விட்டிருக்க மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு வேண்டியது பணம் இல்லை, அவர் இலங்கைக்குத் திரும்பாமல் இருப்பது. விலை சொன்னால்தான் ரான்சம். விலையே இல்லாத சிறைக்கு அந்தச் சொல் பொருந்தாது.

பொருந்துகிற கதையும் நம் பழைய வட ஆற்காடு ஜில்லாவிலேயே உண்டு. ஆற்காடு நவாப் தோஸ்த் அலியின் மருமகன் சந்தா சாகிப். 1741ல் திருச்சியில் மராட்டியர்களிடம் பிடிபட்டு சதாராவுக்குக் கொண்டுபோகப்பட்டார். ஏழு வருடம் சிறை. பணம் பேசி 1748ல் வெளியே வந்தார். இது அசல் ரான்சம். பிடித்தவன் இருக்கிறான், பிடிபட்டவர் இருக்கிறார், விலை இருக்கிறது, கொடுத்தால் விடுகிறேன் என்ற பேச்சும் இருக்கிறது. வந்தவர் சும்மா இருக்கவில்லை, அடுத்த வருடமே 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் நடந்த சண்டையில் நவாப் அன்வருதீன் கொல்லப்பட, ஆற்காட்டுக்கு உரிமை கொண்டாடினார். ஆம்பூர் வழியாக எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். மீட்டெடுத்த ஒரு மனிதரால் இந்த ஊரின் தலையெழுத்து மாறியது என்பதை இந்தச் சொல்லைத் துருவப்போய்த்தான் தெரிந்துகொண்டேன்.

சரி, மீட்புத்தொகை மட்டும் எப்படிச் சரி?

லத்தீனில் ரெடெம்ப்டியோ என்று ஒரு சொல். விலை கொடுத்துத் திரும்ப வாங்குவது என்று பொருள். அது பழைய பிரெஞ்சில் தேய்ந்து ரான்சோன் ஆகி, இங்கிலீஷுக்கு வந்து ரான்சம் ஆனது. அதே லத்தீன் சொல் தேயாமல் இன்னொரு பக்கமாக வந்து ரெடெம்ப்ஷன், அதாவது பாவத்திலிருந்து மீட்பு, ஆனது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் இரண்டும். ஒன்று காட்டுக்குள் துப்பாக்கியோடு நிற்கிறவன் வாயில், இன்னொன்று கோயிலில். இங்கிலீஷ்காரர்களில் பலருக்கே இந்த உறவு மறந்துபோயிருக்கும், ஏனென்றால் கேட்டால் இரண்டும் ஒன்று மாதிரித் தெரியாது.

தமிழில் அந்த உறவு அறுந்துபோகவே இல்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தால் அம்மாவின் செயின் லாங்கு பஜார் சேட்டுக் கடைக்குப் போகும். தை மாதம் அப்பாவுக்குக் கையில் பணம் வந்ததும் முதல் பேச்சே "செயினை மூட்டணும்" என்பதுதான். மீட்பது என்பதை எங்கள் பக்கம் பேச்சில் மூட்டுவது என்பார்கள். வட்டியும் முதலும் எண்ணிக் கொடுத்து, சீட்டைத் திருப்பிக் கொடுத்து, செயினை வாங்கிக் கடையிலேயே கழுத்தில் போட்டுக்கொண்டு வருவார் அம்மா. நம்முடையதாக இருந்தது, இன்னொருவர் கைக்குப் போனது, விலை கொடுத்துத் திரும்ப நம்மிடம் வந்தது. ரெடெம்ப்டியோ என்ற அந்த லத்தீன் சொல்லை யாராவது எனக்கு விளக்கச் சொன்னால் அம்மா கழுத்தில் செயினைப் போட்டுக்கொண்ட அந்த நிமிடத்தைத்தான் சொல்வேன்.

பாகாயத்தில் இருக்கும் என் நண்பர் ஒருவர் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். அவரிடம் இதைப் பேசியபோது உடனே மத்தேயு 20ஆம் அதிகாரம் 28ஆம் வசனத்தை எடுத்துக் காட்டினார். இங்கிலீஷ் பைபிளில் ரான்சம் என்று இருக்கும் இடத்தில் தமிழில் "மீட்கும்பொருள்" என்று இருக்கிறது. எவ்வளவு அழகாக, எவ்வளவு சரியாகப் போட்டிருக்கிறார்கள். தமிழில் இந்தச் சொல் இவ்வளவு நாளாக இருக்கும்போது நாம் எதற்குப் பிணைத்தொகை என்று எழுதிக் குழப்ப வேண்டும்?

ஒரு சிக்கல் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். போலீஸ் செய்திகளில் மீட்பு என்றால் பறிமுதல் செய்தது, திரும்பக் கைப்பற்றியது. "நகை மீட்பு", "பணம் மீட்பு" என்று தினமும் படிக்கிறோம். "கடத்தல் கும்பலிடம் மீட்புத்தொகை மீட்பு" என்று எழுதினால் படிக்கிறவர் தடுமாறுவார். அந்த மாதிரி இடத்தில் நான் பெயர்ச்சொல்லையே விட்டுவிடுவேன். "விடுவிக்க 20 லட்சம் கேட்டனர்", "பணம் கொடுத்து மீட்டனர்" என்று வினையாக எழுதிவிட்டால் குழப்பமே இல்லை. பாதி இடங்களில் அதுதான் நல்ல தமிழாகவும் இருக்கிறது. இலங்கைத் தமிழர்கள் கப்பம் என்கிறார்கள், கப்பம் கேட்டுக் கடத்தல் என்று அவர்கள் செய்திகளில் பார்க்கலாம். நமக்குக் கப்பம் என்றால் குறுநில ராஜா பெரிய ராஜாவுக்குக் கட்டுவது. அவர்கள் ஊரில் அது சரி, நம் ஊரில் எழுதினால் கட்டபொம்மன்தான் ஞாபகம் வருவார்.

அக்கா மகளுக்கு உதவட்டும் என்று இங்கிலீஷில் இந்தச் சொல் புழங்குகிற விதத்தையும் சொன்னேன். அது பெயர்ச்சொல்லாகவும் வரும், வினைச்சொல்லாகவும் வரும். கேட்பதற்கு டிமாண்ட், கொடுப்பதற்கு பே. ஹோல்டு டு ரான்சம் என்றால் நேராகப் பார்த்தால் ஆளைப் பிடித்துவைத்துப் பணம் கேட்பது, ஆனால் ஆளே இல்லாத இடத்திலும் சொல்வார்கள். ஒரு சின்னக் கூட்டம் தன் காரியம் நடக்க ஊரையே முடக்கிவைத்தால் அதற்கும் அதுதான். கிங்ஸ் ரான்சம் என்றால் எண்ணி மாளாத பெரிய தொகை. இங்கிலாந்து ராஜா முதலாம் ரிச்சர்டு சிலுவைப் போரிலிருந்து திரும்பும்போது 1192 டிசம்பரில் வியன்னா பக்கத்தில் பிடிபட்டார். கேட்டது 1,50,000 மார்க் வெள்ளி. ஜனங்களின் வருமானத்தில் நாலில் ஒரு பங்கை வரியாக வாங்கி, தேவாலயங்களின் வெள்ளிப் பாத்திரங்களைக்கூட எடுத்து, பெரும்பகுதியைக் கட்டிய பிறகு 1194 பிப்ரவரியில்தான் விட்டார்கள். ராஜாவின் விலை என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு நாட்டு ஜனங்களின் வயிறு இருக்கிறது. அப்புறம், ரான்சாக் என்று ஒன்று உண்டு, வீட்டைப் புரட்டிப்போட்டுச் சூறையாடுவது. அதற்கும் ரான்சத்துக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, அது வடக்கு ஐரோப்பாவின் நார்ஸ் மொழியிலிருந்து வந்தது.

மாமூல் கேட்பதை ரான்சம் என்று எழுதக் கூடாது. மாமூலில் யாரும் பிடிபட்டிருக்கவில்லை, பயம் மட்டும்தான் இருக்கிறது, அதற்கு எக்ஸ்டார்ஷன் என்று வேறு சொல் உண்டு. படத்தை வெளியே விடுவேன் என்று மிரட்டினால் பிளாக்மெயில். மூன்றையும் தமிழில் "பணம் பறிப்பு" என்று ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறோம்.

கோர்ட்டில் இந்த வித்தியாசம் உயிர் போகிற விஷயம். இந்திய தண்டனைச் சட்டத்தில் 364ஏ என்ற பிரிவை 1993ல் சேர்த்தார்கள், ரான்சத்துக்காகக் கடத்தினால் தூக்கு அல்லது ஆயுள். இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 140(2). கடத்தினான், பணம் கேட்டான், முடிந்தது என்று நாம் நினைப்போம். 2021 ஜூனில் சுப்ரீம் கோர்ட் ஒரு வழக்கில் அது மட்டும் போதாது என்றது. பிடிபட்டவரைக் கொல்வேன், காயப்படுத்துவேன் என்ற மிரட்டலோ, அப்படி நடக்கும் என்று நியாயமாகப் பயப்படும்படியான நடத்தையோ நிரூபிக்கப்பட வேண்டும். அந்த வழக்கில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையனைக் கடத்தி இரண்டு லட்சம் கேட்ட ஆட்டோ டிரைவருக்கு ஆயுள் தண்டனை ரத்தாகி, வெறும் கடத்தலுக்கான ஏழு வருடம் ஆனது. இப்படிப்பட்ட உத்தரவுகளைத் தமிழாக்கும்போது ஒரு சொல் தவறினால் படிக்கிறவருக்கு வழக்கே வேறு மாதிரி ஆகிவிடும்.

மீட்புத்தொகை என்ற சொல்லுக்கு உள்ளே ஒரு நம்பிக்கை இருக்கிறது, கொடுத்தால் மீட்டுவிடலாம் என்று. அது பொய்யாகிற இடமும் உண்டு. சோமாலியாக் கடற்கொள்ளையர்கள் 2010 செப்டம்பரில் ஆஸ்பால்ட் வெஞ்சர் என்ற கப்பலைப் பிடித்தார்கள், அதில் இருந்த 15 பேரும் இந்தியர்கள். 2011 ஏப்ரலில் பணம் கைமாறியது. கப்பலையும் எட்டுப் பேரையும் விட்டார்கள். மற்ற ஏழு பேரை, இந்தியா பிடித்துவைத்திருந்த தங்கள் ஆட்களை விட்டால்தான் விடுவோம் என்று நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் வீடு திரும்ப 2014 ஆகிவிட்டது. பணம் கொடுத்தாயிற்று என்று சேதி வந்த நாளில் அந்த ஏழு வீடுகளில் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்னமும் மனசு அடைக்கிறது.

இப்போது ஆளையே தொடாமல் கேட்கிறார்கள். 1989லேயே ஒருவர் ஃபிளாப்பி டிஸ்க்கில் வைரஸை வைத்துத் தபாலில் அனுப்பி, பனாமாவில் ஒரு தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொன்னார். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற வைரஸ் வந்தபோது கேட்டது 300 டாலர், பிட்காயினில். ரான்சம்வேர் என்று பேர். பிடிபடுவது நம் ஃபைல்கள்.

குடியாத்தத்தில் எனக்கு நெருங்கிய நண்பர் ஒருவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். ஆல்பம் டிசைன் சாஃப்ட்வேரை இலவசமாக எங்கிருந்தோ இறக்கியிருக்கிறார், அதோடு இது வந்துவிட்டது. காலையில் சிஸ்டத்தைப் போட்டால் எல்லா ஃபைல் பெயருக்குப் பின்னாலும் நான்கு எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது, ஒன்றும் திறக்கவில்லை. கூடவே ஒரு கடிதம். 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதி, 490. நான் அன்று மாலை போனபோது அந்தக் கடிதத்தைத் தமிழில் படித்துக் காட்டச் சொன்னார். வரிக்கு வரி சொன்னேன். நான்கு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஒரு அறுபதாம் கல்யாணம். அந்த அறுபதாம் கல்யாணத்தில் மணையில் உட்கார்ந்த பெரியவர் இரண்டு மாதத்தில் தவறிவிட்டார், அவர் பிள்ளைகள் ஆல்பத்துக்காகக் காத்திருந்தார்கள்.

கட்டலாமா என்று கேட்டார். கட்டினால் திறக்கும் என்பதற்கு அவனுடைய வாயைத் தவிர வேறு உத்தரவாதம் இல்லை என்றேன். அவர் கட்டவில்லை. அந்த வைரஸின் பழைய வகைகளுக்கு 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் என்ற நிறுவனம் இலவசமாகத் திறக்கும் வழி ஒன்றைக் கொடுத்தது. இவருக்கு வந்தது அதற்குப் பிந்தைய வகை, திறக்கவில்லை. பெரியவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொல்லி முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். அவர்கள் பணத்தை வாங்கவில்லை, போட்டோ எப்போது வந்தாலும் சொல்லுங்கள் என்றார்களாம்.

அந்த ஹார்டு டிஸ்க் இன்னும் அவர் மேசை டிராயரில் இருக்கிறது. ஒரு கவரில் போட்டு, தேதி எழுதி, அந்தக் குடும்பத்தின் போன் நம்பரையும் எழுதி வைத்திருக்கிறார். சில மாதத்துக்கு ஒரு தடவை எனக்குப் போன் செய்து புதுசாகத் திறக்கும் வழி ஏதாவது வந்திருக்கிறதா, இங்கிலீஷில் படித்துப் பார்த்துச் சொல்லு என்பார். போன வாரமும் செய்தார். "அந்த டிஸ்க்கை எப்பிடியாவது மூட்டணும்பா" என்றார்.